சுத்தியலும் முதுகும்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்ததைப் படிச்சேன். விழுந்து புரளுற காமெடியைப் பத்தியெல்லாம் கட்டுரை போடுறீங்க, அது போதாதுன்னு யாரோ யாருக்கோ ஓடிப்போய் உதவின கதையெல்லாம் பெரிய போட்டோவோட வருது, இருக்கற பிரச்சனைக்கு நடுவுல இதெல்லாம் தேவையா, பேப்பர்னா அதுல விஷயம் இருக்கணும்னு காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சியிருந்தாரு. அவர் கோபம் புரியுது. ஆனா இந்த ரெண்டையும் சேர்த்து வச்சுத் திட்டினாரு பாருங்க, அங்கதான் தனக்கே தெரியாம சரியான ஒண்ணைச் சொல்லிட்டாரு. ரெண்டும் நெருங்கின சொந்தம். அதைச் சொல்லத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாதான் போகும், வெட்டுறதா இருந்தா நடுவுல வெட்டுங்க, கடைசியில ஒரு கோரிக்கை இருக்கு, அதுல மட்டும் கை வச்சுடாதீங்க.

முதல்ல காமெடி. வசன காமெடிக்கு ஆயுசு கம்மி, அரசியல் நக்கலுக்கு அதைவிடக் கம்மி, அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா யாரைச் சொல்றாங்கன்னு பக்கத்துல ஒருத்தர் உக்காந்து விளக்கம் சொன்னாத்தான் சிரிப்பே வரும். ஒருத்தன் ரொம்ப கெத்தா நடந்து போய் கண்ணாடிக் கதவுல முட்டிக்கிறதுக்கு எந்த உரையாசிரியரும் வேண்டாம். டாம் அண்ட் ஜெர்ரி 1940ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் பேச்சே வராத குழந்தை அதைப் பார்த்து கெக்கெக்கேன்னு சிரிக்குது. மிஸ்டர் பீன் 1990ல வந்தது, மொத்தமே 15 எபிசோடுதான், அதுல ரோவன் அட்கின்சன் முழுசா ஒரு வாக்கியம் பேசுறதே அபூர்வம், அதனாலதான் எந்த நாட்டுல டிவியைப் போட்டாலும் அது அவங்க ஊர் காமெடி மாதிரியே ஓடுது.

சரி, விழுறது சுலபம்தானே, அதுல என்ன கலை இருக்குன்னு அந்த வாசகர் கேட்டிருந்தாரு. பஸ்டர் கீட்டன்னு ஒருத்தர், ஊமைப்பட காலத்து ஆளு. சின்னப் பையனா இருக்கும்போதே அப்பா அம்மாவோட மேடை ஏறினவரு, அந்த ஷோவுல அப்பா இவரைத் தூக்கி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வீசுவாரு, தூக்கி வீச வசதியா இருக்கணும்னு உடுப்புல பின்னாடி சூட்கேஸ் கைப்பிடி மாதிரி ஒண்ணைத் தைச்சு வச்சிருந்தாங்களாம். (இன்னைக்குப் பண்ணினா போலீஸ் வந்துடும், அது வேற விஷயம்.) அந்த மேடையில அந்தப் பையன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சான்: விழுந்து எழுந்து இவன் சிரிச்சா ஜனங்க சிரிக்கறது குறையுது, மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டா அரங்கமே அதிருது. அப்புறம் சினிமாவுல ஆயுசு முழுக்க அந்த உம்மணாமூஞ்சிதான். 1928ல வந்த ஒரு படத்துல புயல் காட்சி, ஒரு வீட்டோட முன்பக்கச் சுவர் அப்படியே முழுசா இவர் மேல சாயும், மாடி ஜன்னல் திறந்திருக்கற இடம் கரெக்டா இவர் நிக்கிற இடத்துல வந்து இறங்கும், இவர் ஆணி அடிச்ச மாதிரி நிப்பாரு. ட்ரிக் ஷாட் கிடையாது. சுவர் ரெண்டு டன் எடைன்னு சொல்லுவாங்க, உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவுல சில அங்குலம்தான் இடைவெளி, ஒரு அடி தள்ளி நின்னிருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

அதே காலத்துல ஹெரால்ட் லாயிட். 1923ல வந்த படத்துல உயரமான கட்டடத்துல கடிகார முள்ளைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவாரே, அந்த ஸ்டில்லைப் பார்க்காதவங்க குறைவு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1919ல, ஒரு போட்டோ ஷூட்ல டம்மி குண்டுன்னு நினைச்சுக் கையில பிடிச்சது நிஜமாவே வெடிச்சு வலது கையில கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயிடுச்சு. செயற்கை விரல் வச்ச கையுறையை மாட்டிக்கிட்டுத்தான் அந்த மனுஷன் தொங்கினாரு. படம் பார்க்குற யாருக்கும் அது தெரியாது, தெரிய விடவும் இல்லை.

நம்ம பக்கம் வந்தா சந்திரபாபு, நாகேஷ், அப்புறம் கவுண்டமணி செந்தில், வடிவேலு. நாகேஷ் உடம்புல எலும்பு இருந்துச்சாங்கறதே எனக்கு சந்தேகம். இவங்க எல்லாரையும் ஒரே தட்டுல வைக்க நான் வரலை, நாலு பேர் சேர்ந்து ஒருத்தரோட நிறத்தையும் உருவத்தையும் சொல்லிச் சொல்லி மிதிக்கற காமெடியும் நம்ம சினிமாவுல நெறைய வந்திருக்கு, அதுல பாதி இப்ப பார்த்தா நெளிய வேண்டியிருக்கு, சிரிப்பு வரலை. எது நிக்குதுன்னு பார்த்தா, வீறாப்பா இருந்த ஆள் தன் வீறாப்பாலயே விழுறதுதான். ஏற்கனவே கீழ கிடக்கறவனைத் தள்ளிவிட்டா அது காமெடியே இல்லை.

இப்ப நேசமணிக்கு வர்றேன், ஏன்னா என் வாதத்துக்கு அவர்தான் முக்கிய சாட்சி. 2001ல சித்திக் இயக்கின ஃப்ரெண்ட்ஸ் படம், அதுல வடிவேலு கான்ட்ராக்டர் நேசமணி. ஒரு பெரிய வீட்டுல வேலை நடக்குது, எல்லாரையும் அதட்டி மிரட்டி வேலை வாங்கிட்டிருப்பாரு, மேல இருந்து சுத்தியல் விழுந்து நேரா தலையில. அவ்வளவுதான் காட்சி. 18 வருஷம் கழிச்சு, 2019 மே மாசக் கடைசியில, ஃபேஸ்புக்ல இன்ஜினியரிங் சம்பந்தமான ஒரு பக்கத்துல சுத்தியல் படத்தைப் போட்டு இதுக்கு உங்க நாட்டுல என்ன பேருன்னு சும்மா கேட்டு வச்சாங்க. நம்மாளு ஒருத்தர் போய், இதுக்குப் பேரு சுத்தியல், இதாலதான் நேசமணி தலை உடைஞ்சதுன்னு ஒரு பதிலைத் தட்டிவிட்டாரு. அதைப் படிச்ச வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நிஜமாவே பதறி, இப்ப அவர் எப்படி இருக்காருன்னு கேட்டாரு. அவ்வளவுதான், நேசமணிக்காக வேண்டிக்கோங்கன்னு ட்விட்டர்ல உலக அளவுல ட்ரெண்டிங். ஐசியூவுல எப்படி இருக்காரு, எந்த குரூப் ரத்தம் வேணும், நான் வர்றேன்னு ஆளாளுக்குக் கிளம்பிட்டாங்க.

அதைச் சும்மா வேலையத்தவங்க வேலைன்னு ஒதுக்கிட முடியாது. நல்லா கவனிச்சா, அன்னைக்கு நடந்தது ரெண்டு காரியம். தலையில சுத்தியல் விழுந்தவனைப் பார்த்து சிரிச்சாங்க, அதே மூச்சுல அவனுக்கு ரத்தம் குடுக்க வரிசையில நின்னாங்க. விளையாட்டுதான், ஆனா எல்லாருக்கும் கையில எடுக்கத் தோணின விளையாட்டு அதுதான். வேற எத்தனையோ விதமா கலாய்ச்சிருக்கலாமே.

ஹென்றி பெர்க்சன்னு ஒரு பிரெஞ்சு தத்துவக்காரர் 1900லயே சிரிப்பைப் பத்தி எழுதியிருக்காரு. மனுஷன் இயந்திரம் மாதிரி ஆகுற நொடியிலதான் நமக்கு சிரிப்பு வருது, சிரிக்கணும்னா அந்த நேரத்துக்கு மனசு மரத்துப் போயிருக்கணும், இரக்கம் உள்ள வந்துட்டா சிரிப்பு வெளிய போயிடும்ங்கறது அவர் கட்சி. முதல் பாதி சரி, அதட்டிக்கிட்டே இருக்கற நேசமணி ஒரு மிஷின்தான். ரெண்டாவது பாதியைத்தான் என்னால ஏத்துக்க முடியலை. விழுந்தவன் எழுந்திரிக்கப் போறான்னு தெரிஞ்சாத்தான் நாம சிரிக்கிறோம், எழுந்திரிக்கலைன்னா அந்த செகண்டே சிரிப்பு நின்னு ‘அய்யோ’ன்னு எழுந்து ஓடுறோம். சிரிக்கிறப்பவே உள்ள ஒருத்தன் ஓடுறதுக்குத் தயாரா உக்காந்திருக்கான். தெருவுல யாராவது வழுக்கி விழுறதைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும், வாய் சிரிக்கும், கை தானா நீளும்.

இந்த இடத்துலதான் ரெண்டாவது விஷயம் வருது, தன்னார்வலர் கதைகள்.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம் ஞாபகம் இருக்கும். கடல்ல மீன் பிடிக்கற படகுகளை லாரியில ஏத்திக்கிட்டு மீனவர்கள் ஊருக்குள்ள வந்தாங்க, 4,000 பேருக்கு மேல, 600க்கு மேற்பட்ட படகு, யாரும் போய் ஆளாளுக்கு உத்தரவு போட்டுக் கூப்பிட்டு வந்தது இல்லை. அதுல ஒரு சின்ன வீடியோ எல்லார் போனுக்கும் வந்துச்சு. ரப்பர் படகு நிக்குது, உயரம் எட்டலை, பெண்களால ஏற முடியலை. ஒரு மீனவர் தண்ணிக்குள்ள மண்டி போட்டுக் கையை ஊனி முதுகைக் குடுக்கிறாரு. ஒவ்வொருத்தரா அவர் முதுகுல மிதிச்சு ஏறிப் போறாங்க. தண்ணி அவர் மூஞ்சிகிட்ட வந்து வந்து போகுது. அவர் ஒண்ணும் பேசலை, கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

அதே காட்சியைக் காமெடி படத்துல யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் குனியறான், இன்னொருத்தன் அவன் முதுகுல ஏறுறான், முதுகு வழுக்குது, ரெண்டு பேரும் தொபுக்கடீர். நூறு தடவை பார்த்த சீன். ஒரே உடம்பு, ஒரே முதுகு, ஒரே தண்ணி. அங்க விழுந்ததால சிரிச்சோம், இங்க விழாததால கண்ணுல தண்ணி வந்துச்சு. ரெண்டுலயும் நாம பார்த்துக்கிட்டு இருந்தது அந்த முதுகு தாங்குமா தாங்காதாங்கறதை மட்டும்தான். அதனாலதான் சொல்றேன், உங்க வாசகர் இந்த ரெண்டையும் ஒண்ணா திட்டினது ரொம்பப் பொருத்தம்.

இன்னொண்ணு, இந்தக் கதைகள்ல நிக்கறது எப்பவும் சின்ன விஷயம்தான். அதே 2018ல ஜூன் 23ஆம் தேதி தாய்லாந்துல 12 பசங்களும் அவங்க ஃபுட்பால் கோச்சும் தாம் லுவாங் குகைக்குள்ள மாட்டிக்கிட்டாங்க, ஜூலை 10ஆம் தேதி தான் கடைசி ஆள் வெளிய வந்தாரு. முதல்ல அவங்களைக் கண்டுபிடிச்ச ரெண்டு பிரிட்டிஷ்காரங்கள்ல ஒருத்தர் ரிட்டயர்ட் தீயணைப்பு வீரர், இன்னொருத்தர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கறவர், குகைக்குள்ள நீச்சல் அடிக்கறது ரெண்டு பேருக்கும் பொழுதுபோக்கு. தாய்லாந்து கடற்படையில இருந்து எப்பவோ வெளிய வந்துட்ட சமன் குனன் தானா வந்து சேர்ந்தாரு, குகைக்குள்ள காற்று சிலிண்டரைக் கொண்டுபோய் வச்சிட்டு வர்ற வழியில ஜூலை 6ஆம் தேதி இறந்துட்டாரு. இதெல்லாம் எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. ஆனா என் மனசுல தங்கினது வேற ஒருத்தர். பக்கத்துல சலவைக்கடை வச்சிருந்த ஒரு அம்மா. உள்ள போய்ட்டு வர்றவங்க உடுப்பு முழுக்க சேறு, மாத்துத்துணி இல்லை, தினம் ராத்திரி வந்து அந்த அழுக்குத்துணியை அள்ளிக்கிட்டுப் போய், துவைச்சுக் காய வச்சு, விடியறதுக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து குடுத்துருவாங்களாம், காசு வாங்காம. குகையில இருந்து இறைச்ச தண்ணி வயலுக்குள்ள பாய்ஞ்சு நாத்து நாசமானப்போ, நஷ்ட ஈடு வேண்டாம், பசங்க வந்தா போதும்னு சொன்ன விவசாயிகளும் இருந்தாங்க.

சலவைக்கடை அம்மா கதையைப் படிச்சதும் எனக்குத் தோணினது, அட, இது என்னாலயும் முடியுமே. குகைக்குள்ள நீந்த எனக்கு ஏழு ஜென்மம் ஆகும், துணி துவைக்கத் தெரியும். ஜோனதன் ஹைட்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர் இதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காரு, அடுத்தவங்க பண்ற நல்ல காரியத்தைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள்ள ஒரு கதகதப்பு வருது, கூடவே நாமளும் ஏதாவது பண்ணணும்னு ஒரு உந்துதல் வருதுன்னு. சரிதான், ஆனா அந்த உந்துதலுக்கு ஒரு கைப்பிடி வேணும். மாவீரன் கதையில கைப்பிடி கிடையாது, அண்ணாந்து பார்த்துட்டு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

இங்கதான் சார் உங்க பேப்பர் மேல (உங்க பேப்பர் மட்டும் இல்லை, எல்லா பேப்பர் மேலயும் சேனல் மேலயும்) எனக்கு வருத்தம். ‘நெஞ்சை உருக்கும் சம்பவம்’, ‘கண்கலங்க வைத்த வாலிபர்’, ‘நெகிழ்ச்சி’ன்னு தலைப்புலயே அழச்சொல்லிடறீங்க. டிவி காமெடியில பின்னாடி ஒரு சிரிப்புச் சத்தம் ஓடும் பாருங்க, அதுக்குன்னே 1950கள்ல சார்லஸ் டக்ளஸ்னு ஒரு அமெரிக்க சவுண்ட் இன்ஜினியர் மிஷினே செஞ்சு வச்சாரு, பட்டனைத் தட்டினா கூட்டமே சிரிக்கும். உங்க நெகிழ்ச்சித் தலைப்பும் அந்த மிஷின் வேலைதான். கீட்டன் சின்ன வயசுல மேடையில கத்துக்கிட்டதை உங்க சப் எடிட்டர்கள் இன்னும் கத்துக்கலை, நீங்க மூஞ்சியை உம்முன்னு வச்சு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, அழறதா வேண்டாமான்னு நாங்க பார்த்துக்கறோம். எத்தனை மணிக்குப் போனாங்க, எத்தனை பேர், கையில என்ன இருந்துச்சு, எது இல்லாம தவிச்சாங்க, முதல் நாள் என்ன சொதப்பல் ஆச்சு. சொதப்பலை எழுதவே மாட்டேங்கறீங்க! நாலு பேர் சேர்ந்து உதவப் போனா அதுல சொதப்பல் இல்லாம இருக்கவே இருக்காது, ஒரே இடத்துக்கு மூணு வண்டி போகும், இன்னொரு இடத்துக்கு ஒண்ணுமே போகாது, கொண்டுபோன ஏணி குட்டையா இருக்கும், கயிறு இருக்கும் ஆனா முடிச்சு போடத் தெரிஞ்சவர் வந்திருக்க மாட்டாரு. அதை எழுதினா கதையோட மதிப்பு குறையாது, படிக்கறவங்களுக்கு ‘நம்மளை மாதிரி ஆளுங்கதான்’னு ஒரு தைரியம் வரும்.

அப்புறம் அந்த போட்டோ. ஒரே ஒரு பை, அதை ஏழு பேர் பிடிச்சிருப்பாங்க, வாங்குறவருக்குப் பிடிக்கறதுக்கு இடமே இருக்காது, எட்டாவது ஆள் பின்னாடி எம்பி எம்பி ஒரு விரலையாவது பை மேல வச்சிடுவாரு, எல்லாரும் கேமராவைப் பார்ப்பாங்க, வாங்குறவர் மட்டும் தரையைப் பார்ப்பாரு. மீனவர் முதுகைக் குடுத்தாரே அவர் குனிஞ்சாரு, இங்க வாங்குறவரைக் குனிய வைக்கறாங்க. தயவுசெஞ்சு வாங்குறவங்க முகத்தைப் போடாதீங்க. காமெடியில கீழ கிடக்கறவனை மிதிச்சா எப்படி நெளியறோமோ அதே நெளியல்தான் இதைப் பார்க்கும்போதும் வருது.

உங்க வாசகர் சொன்னதுல ஒரு குத்தம் நிஜமாவே கனமானது, அதைத் தாண்டிப் போக முடியாது. தன்னார்வலர் கதையைக் கொண்டாடிக் கொண்டாடி, அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை யார் கண்ணுலயும் படாம மறைச்சிடறோம்னு சொன்னாரு. உண்மை. பாலம் இல்லாத ஊர்ல பசங்களைத் தோள்ல தூக்கி ஆத்தைக் கடத்தி விடுற வாத்தியாரைப் பத்தி நெகிழ்ச்சியா எழுதிட்டு, பாலம் எங்கன்னு ஒரு வரி கேக்கலைன்னா அது செய்தியே கிடையாது, விளம்பரம். ஆனா அதுக்கு மருந்து கதையை நிறுத்தறது இல்லை, முழுசா எழுதறது. வாத்தியார் எதுக்குத் தூக்க வேண்டி வந்துச்சுன்னு விவரமா எழுதினாலே பாலத்துக்கான கேள்வி தானா வந்து நின்னுடும். நெகிழ்ச்சியிலதான் அது அமுங்கிப் போகுது.

போட்டோவே எடுக்க முடியாத தொண்டுன்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி நீங்க எழுதி நான் பார்த்ததே இல்லை. 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம். பேரைப் பார்த்து ஏதோ ஊர் திட்டம்னு நினைச்சுடாதீங்க, உலகத்துல எங்கெங்கயோ இருக்கற தமிழ் ஆளுங்க வேலை முடிச்சு வந்து ராத்திரி உக்காந்து, பழைய இலக்கியங்களை எழுத்து எழுத்தா கம்ப்யூட்டர்ல ஏத்தி இலவசமா குடுத்தாங்க, இன்னமும் குடுக்கறாங்க. ஒருத்தர் தட்டச்சு பண்ண, இன்னொருத்தர் மெய்ப்பு பார்க்க, ஒவ்வொரு கோப்போட தலையிலயும் அவங்க பேர் சின்னதா ஒரு வரியில இருக்கும், அதைத் தாண்டி ஒரு மாலை கிடையாது, மேடை கிடையாது. இன்னைக்குப் போன்ல சங்கப்பாட்டு ஒண்ணைத் தேடி எடுக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு அது யார் கண்ணு வலிச்சு வந்ததுன்னு தெரியாது. இதுல உருகறதுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா எப்படிப் பண்ணினாங்க, கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்துருவே ஆளுக்கு ஒண்ணா இருந்த காலத்துல அடிச்சதை எப்படிப் பரிமாறிக்கிட்டாங்க, அதுல எத்தனை கூத்து நடந்திருக்கும்னு யாராவது ஒரு நிருபர் போய்க் கேட்டு எழுதினா, ஞாயித்துக்கிழமை பேப்பருக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது.

என் கோரிக்கை இதுதான். தன்னார்வலர் செய்தி போடுங்க, நிறையவே போடுங்க, ஆனா ஒரு மாசத்துக்கு ‘நெகிழ்ச்சி’, ‘உருக்கம்’, ‘கண்ணீர்’ இந்த மூணு வார்த்தையையும் தலைப்புல போடாம இருந்து பாருங்க. ஒவ்வொரு செய்திக்குக் கீழயும் நாலு வரி சேருங்க, இன்னும் என்ன ஆள் தேவை, எத்தனை மணி நேர வேலை, என்ன தெரிஞ்சிருக்கணும், என்ன தெரிஞ்சிருக்க வேண்டாம். துணி துவைக்கத் தெரிஞ்சா போதும்னா அதையும் போடுங்க. காமெடி பக்கத்தையும் நிறுத்தாதீங்க, ‘வயிறு குலுங்க’ன்னு மட்டும் மேல போடாதீங்க, குலுங்குச்சான்னு வயிறு சொல்லும். அந்த ஏழு கை போட்டோவை அனுப்பி ‘சார் எப்படியாவது போட்டுடுங்க’ன்னு தினமும் போன் பண்றவங்களை நீங்களும் பாவம் என்ன பண்ணுவீங்க, தட்ட முடியலைன்னா காமெடி பக்கத்துல போட்டுடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்க வாசகர்கள்ல ஒருத்தர்